நூலில்லா ஊசியில் ஒரு பொம்மை

கம்பளிச் சட்டையைச் சுடுநீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, நன்றாகக் கசக்கித் துவைத்தால் என்ன ஆகும்? அழுக்கு போய்விடும். ஆனால் அந்தச் சட்டை மறுபடி உங்களுக்குப் போதாது. தம்பிக்கோ தங்கைக்கோதான் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும். இழுத்துப் பார்த்தாலும் பழைய அளவுக்கு வராது. துணி தடித்து, இறுகி, பின்னலின் கண்கள்கூடத் தெரியாதபடி ஒரே அட்டைபோல் ஆகியிருக்கும். பருத்திச் சட்டையை எத்தனை முறை கசக்கினாலும் இப்படி ஆவதில்லை.

துவைத்தவருக்கு இது நஷ்டம். ஆனால் கம்பளியின் இதே குணத்தைக் கொண்டுதான் மனிதன் தறியே இல்லாமல் ஒரு துணியைச் செய்தான். பாவு இல்லை, ஊடை இல்லை, நூற்கவும் வேண்டியதில்லை. ஆட்டின் கம்பளியைப் பரப்பி, நனைத்து, உருட்டி, மிதித்தே செய்யும் அந்தத் துணிக்கு ‘ஃபெல்ட்’ என்று பெயர். காஷ்மீரத்தில் பூவேலை செய்து விற்கும் ‘நம்தா’ விரிப்பு ஃபெல்ட்தான். மங்கோலிய நாடோடிகளின் வட்டக் கூடாரத்தைப் போர்த்தியிருப்பதும் ஃபெல்ட்தான். பியானோவில் தந்தியைத் தட்டும் சிறு சுத்திகளின் தலையிலும் ஃபெல்ட் உண்டு.

தண்ணீரும் சோப்பும் இல்லாமல், உலர்ந்த கம்பளியிலேயே ஃபெல்ட் செய்ய இன்னொரு வழி இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு விசித்திரமான ஊசி. இந்த ஊசிக்குக் காது கிடையாது. நூல் கோக்க முடியாது. இதைக் கொண்டு ஒரு பிடி கம்பளியைக் குத்திக்கொண்டே இருந்தால் அது உருண்டையாகும், முட்டையாகும், கோழிக்குஞ்சாகும். தையல் இல்லை, பசை இல்லை, உள்ளே கம்பியும் இல்லை. பின் எது அந்தப் பொம்மையைப் பிரியாமல் பிடித்து வைத்திருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டு ஊசியைப் பிடித்தால் கை தானாகவே சரியாக வேலை செய்யும்.

தலைமயிரில் ஒரு சோதனை

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. நீளமான தலைமயிர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீப்பில் சிக்கியது போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரலின் நீளவாக்கில் அதைப் பிடித்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரிதான் தேய்க்கிறீர்கள். ஆனால் மயிர் ஒரே பக்கமாக நகர்ந்து வெளியே வரும். இப்போது மயிரைத் திருப்பிப் பிடித்துத் தேயுங்கள். அது எதிர்ப்பக்கமாக நகரும். எப்படிப் பிடித்தாலும் வேர்ப்பகுதிதான் முன்னே போகும். நுனி பின்னே வரும்.

இதற்குக் காரணம் செதில்கள். மீனைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழுக்கும். வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் கையைத் தடுக்கும் அல்லவா? மயிரின் மேற்பரப்பும் அப்படித்தான். அதன் மேல் மிக மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் விளிம்புகள் எல்லாம் நுனியை நோக்கி இருக்கின்றன. ஆகவே ஒரு திசையில் உராய்வு குறைவு. மறு திசையில் அதிகம். மயிர் வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். திரும்பி வர முயன்றால் செதில்கள் தடுத்துவிடும். அது ஒரு ஒருவழிப் பாதை.

புல்வெளியில் நடந்து வரும்போது ஊசிப்புல் ஆடையில் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் போகாது. நடக்க நடக்க உள்ளே ஏறிக்கொண்டே போகும். முன்னே போகத்தான் அதற்குத் தெரியும். கம்பளி இழையும் அவ்வாறே.

இதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஆடு வளர்த்தவரோ கம்பளி வியாபாரியோ அல்ல. கணித மேதை ஒருவர். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த காஸ்பார் மோன்ஜ் அவர் பெயர். கனப்பொருள்களைத் தாளில் வரைந்து காட்டும் வடிவகணிதப் பிரிவை உருவாக்கியவர் அவர். 1790ஆம் ஆண்டில் ஃபெல்ட் உருவாகும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்கால நுண்ணோக்கிகளில் மயிரின் மேற்பரப்பு வழவழப்பாகவே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத செதில்களை மோன்ஜ் விரலால் கண்டறிந்தார். நீங்கள் இப்போது செய்த சோதனை அவர் எழுதியதுதான்.

கம்பளி நனைந்து, சோப்பால் வழுக்கி, கசக்கப்படும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாகச் சிறிது நகர்கிறது. ஆயிரக்கணக்கான இழைகள் ஆளுக்கொரு திசையில் நகர்ந்து, ஒன்றையொன்று சுற்றி, முடிச்சிட்டுக்கொள்கின்றன. திரும்பி வர வழி இல்லை. சட்டை சுருங்குவதும் மீண்டும் விரியாததும் இதனால்தான். இந்தச் செதில்களின் கூர்மையைக் குளோரின் கொண்டு மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூசிவிட்டால் கம்பளி சுருங்குவதில்லை. இயந்திரத்தில் துவைக்கக்கூடிய கம்பளி ஆடைகளை இவ்வாறுதான் தயாரிக்கிறார்கள். செதிலை மூடினால் ஃபெல்ட் இல்லை.

சுருள்வில் போன்ற இழை

கம்பளிக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் தலைமயிரை விட ஆட்டுக் கம்பளி மென்மையானது. மெரினோ ஆட்டின் இழை ஏறத்தாழ 20 மைக்ரான் தடிப்புத்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் இதைப்போல மூன்று நான்கு மடங்கு தடிப்பு. அதோடு கம்பளி இழை நேராக இருப்பதில்லை. அலை அலையாக வளைந்திருக்கும்.

ஏன் வளைகிறது? இயற்பியல் பாடத்தில் ஈருலோகத் தகட்டைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால், ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் தகடு வளையும். மென்மையான கம்பளி இழையின் உள்ளேயும் இருவகை உயிரணுக்கள் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கின்றன. இரண்டும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவைதாம். ஆனால் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் அளவில் வேறுபடுகின்றன. அதனால் இழை சுருள்வில்போல் வளைகிறது. வளைந்த இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்வது எளிது.

செதில், வளைவு ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் வேலை இவற்றின் மேல்தான்.

பனியில் கிடந்த அன்னம்

ஃபெல்ட்டில் உருவங்கள் செய்யும் கலை மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலைகளில் பாசிரிக் என்ற இடத்தில் பழங்கால நாடோடித் தலைவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1947 முதல் 1949 வரை செர்கேய் ருதெங்கோ என்ற ரஷ்யத் தொல்லியல் அறிஞர் அவற்றில் சிலவற்றைத் தோண்டினார். உள்ளே புகுந்த நீர் உறைந்து, நூற்றாண்டுகளாக உருகாமல் இருந்ததால், மற்ற இடங்களில் மக்கி மறையும் பொருள்கள் எல்லாம் அங்கே அழியாமல் கிடைத்தன. ஐந்தாம் கல்லறையில் பெரிய ஃபெல்ட் திரை ஒன்றும், உள்ளே மயிர் அடைத்துச் செய்த ஃபெல்ட் அன்னப் பறவைகளும் இருந்தன. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட அந்த அன்னத்தை இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் காணலாம். கழுத்தின் வளைவு கூடக் கலையவில்லை.

ஃபெல்ட் பொம்மையைத் தொழிலாகச் செய்து உலகப் புகழ் பெற்றவர் ஜெர்மனியின் கீங்கன் நகரைச் சேர்ந்த மார்கரெட் ஸ்டைஃப். 1847இல் பிறந்த இவர் குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதத்தால் நடக்க முடியாமல் போனவர், வலக்கையும் பலவீனம். தையல் கற்று, ஃபெல்ட் ஆடைகள் செய்து விற்றார். குண்டூசி குத்திவைப்பதற்காக 1880இல் அவர் செய்த சிறிய ஃபெல்ட் யானையைக் குழந்தைகள் பொம்மையாக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து பெரியதொரு பொம்மைத் தொழிற்சாலையே வளர்ந்தது.

அன்னமும் யானையும் ஃபெல்ட் துணியை வெட்டித் தைத்தவை. நாம் செய்யப்போவது வேறு வகை. அதற்குரிய ஊசி தொழிற்சாலையிலிருந்து வந்தது.

பின்னோக்கிப் பிடிக்காத முள்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தொழிற்சாலைகளில், நூற்க உதவாத மயிரையும் சணல் கழிவையும் உலர்ந்தபடியே அழுத்தி விரிப்பு செய்ய ஓர் இயந்திரம் வந்தது. ஒரு பலகையில் நெருக்கமாக ஊசிகளைப் பதித்து, கீழே நகரும் இழைப் படுகையின் மேல் அதை ஏற்றி இறக்குவார்கள். இன்றைய இயந்திரங்களில் அந்தப் பலகை நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் குத்துகிறது. டென்னிஸ் பந்தின் மேலுறைகளில் ஒரு வகை, காரின் தரை விரிப்பு, தென்னை நார் மெத்தைக்குள் இருக்கும் நார்ப் படுகை ஆகியவை இப்படிச் செய்யப்படுபவை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்டான்வுட், எலினோர் ஸ்டான்வுட் தம்பதியர் அந்த இயந்திரத்தின் ஊசி ஒன்றைக் கையில் பிடித்துக் குத்திக் கம்பளியில் உருவங்கள் செய்து பார்த்தார்கள். அவர்களிடம் இதைக் கற்ற அயலா டால்பை என்பவர் பலருக்கும் கற்பித்து, புத்தகமும் எழுதினார். பல்லாயிரம் ஊசிகள் செய்த வேலை இவ்வாறு ஓர் ஊசியின் கைவினை ஆயிற்று.

அந்த ஊசி சுமார் 8 செ.மீ. நீளம் இருக்கும். மேல் முனை ‘ட’ எழுத்தின் மூலைபோல் மடங்கியிருக்கும். இயந்திரப் பலகையில் அது நகராமல் இருக்கச் செய்த மடிப்பு அது. கீழ்ப்பகுதி வட்டமாக இல்லாமல் முக்கோணமாக இருக்கும். தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். முக்கோணத்தின் மூன்று விளிம்புகளிலும் சிறு சிறு வெட்டுகள் உண்டு. விரலால் தடவினால் தெரியாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

தூண்டில் முள்ளையும் இந்த ஊசியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூண்டில் எளிதாக உள்ளே போகும்; வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளும். இந்த ஊசி அதற்கு நேர் எதிர். உள்ளே போகும்போது வெட்டுகள் சில இழைகளைப் பற்றித் தம்முடன் இழுத்துச் செல்லும். வெளியே வரும்போது அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வெறுமனே வரும். ஒவ்வொரு குத்திலும் மேற்பரப்பிலிருந்து சில இழைகள் நடுப்பகுதிக்குப் போகின்றன. போன இழை திரும்பி வர முயன்றால் அதன் செதில்களும் வளைவும் அக்கம்பக்கத்து இழைகளில் மாட்டிக்கொள்கின்றன. ஊசியும் ஒருவழி, இழையும் ஒருவழி. இந்த இரண்டு ஒருவழிப் பாதைகளும் சேர்ந்துதான் பொம்மையை இறுக்குகின்றன.

செதிலே இல்லாத தென்னை நாரையும் செயற்கை இழையையும் இயந்திரம் எப்படி இறுக்குகிறது என்று கேட்பீர்கள். அங்கே மிக நெருக்கமாகக் குத்துவதால் ஏற்படும் உராய்வே அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. செயற்கை இழைகளுக்கு முன்கூட்டியே அலைபோன்ற வளைவும் கொடுத்துவிடுவார்கள். ஆட்டின் முதுகில் தானாகவே கிடைக்கும் வளைவு அது.

என்னென்ன வேண்டும்?

ஊசிகள் மூன்று: 36, 38, 40 எண்ணுள்ளவை. எண் கூடக் கூட ஊசி மெல்லியது. தொடக்கத்துக்கு 36, வடிவமைக்க 38, கடைசியில் மேற்பரப்பை மழமழப்பாக்க 40. கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மூன்றும் கிடைக்காவிட்டால் 38 ஒன்றே போதும்.

குத்துமெத்தை: 5 செ.மீ. கனமுள்ள ஸ்பாஞ்சுத் துண்டு. அது இல்லாவிட்டால் ஒரு சிறு கோணிப் பையில் அரிசியை நிறைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஊசி முனை பட்டால் அரிசி மணிகள் விலகி இடம் கொடுக்கும்.

கம்பளி: நூற்காத, சுத்தம் செய்த ஆட்டுக் கம்பளி 10 கிராம். கடையில் ‘உல்லன் நூல்’ என்று விற்பதில் பெரும்பகுதி கம்பளியே அல்ல. அக்ரிலிக் என்ற செயற்கை இழை. சந்தேகம் இருந்தால், ஆசிரியர் முன்னிலையில், திறந்த வெளியில், இடுக்கியால் ஒரு சிறு துண்டைப் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி சுருண்டு கருகும்; முடி பொசுங்கும் நாற்றம் வரும்; தீயை விலக்கினால் அணைந்துவிடும்; சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம்போல் எரியும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

நம் ஊர் ஆடுகளின் கம்பளி ஆகுமா? தமிழ்நாட்டு ஆட்டினங்கள் பலவற்றுக்குக் கம்பளியே கிடையாது. மேச்சேரி ஆட்டுக்கும் ராமநாதபுரம் வெள்ளை ஆட்டுக்கும் குட்டையான மயிர்தான். கோயம்புத்தூர் ஆட்டுக்குச் சொரசொரப்பான கம்பளி உண்டு. நீலகிரி ஆடு இவற்றுள் தனி. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ முதலிய வெளிநாட்டு ஆடுகளைக் கலந்து உருவான இனம் அது, கம்பளி மென்மையானது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பாதுகாத்து வளர்க்கிறார்கள்.

ஆட்டிலிருந்து வெட்டிய கம்பளி கிடைத்தால் அதில் எண்ணெய்ப் பசையும் மண்ணும் இருக்கும். சோப்பு கரைத்த சூடான நீரில் அமிழ்த்தி, அசைக்காமல் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். அதே அளவு சூடுள்ள நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். கசக்காதீர்கள், குழாயடியில் பிடிக்காதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். பிறகு கையையும் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். உலர்ந்த கம்பளியைக் கம்பிப் பல் வைத்த இரண்டு பிரஷ்களுக்கு நடுவே இழுத்துச் சிக்கு எடுத்தால் பஞ்சுபோல் விரியும்.

மஞ்சள் குளிக்கும் கம்பளி

கோழிக்குஞ்சுக்கு நிறம் வேண்டுமே. அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும், ஏற்கெனவே நனைத்த கம்பளியை அதில் அமிழ்த்துங்கள். மெல்லிய தீயில் அரை மணி நேரம், கொதிக்கவிடாமலும் கிளறாமலும் சூடாக்கி, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். புரத இழையாகிய கம்பளி மஞ்சளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு சிட்டிகைக் கம்பளியை மட்டும் வெங்காயத் தோலும் சிறிது படிகாரமும் சேர்த்த நீரில் இவ்வாறே சாயமேற்றினால் காவி நிறம் கிடைக்கும். அது அலகுக்கு ஆகும். கண்ணுக்குக் கறுப்பு ஆட்டின் கம்பளி.

மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும். சோப்புப் பட்டால் சிவக்கும். மஞ்சள் ஒரு நிறங்காட்டி என்பதை வேதியியல் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். ஆகவே இந்தப் பொம்மைக்குச் சோப்பும் வெயிலும் ஆகா.

குத்தத் தொடங்குவோம்

1. உடலுக்கு 6 கிராம் மஞ்சள் கம்பளியை எடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கையால் இழுத்துப் பிரியுங்கள். வெட்டிய முனைகள் கட்டையாக நிற்கும். மெலிந்த முனைகள்தாம் மற்ற இழைகளோடு கலக்கும்.

2. பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, பக்கங்களை உள்ளே மடித்து, கடைசி முனையை 36ஆம் எண் ஊசியால் சில முறை குத்தி நிறுத்துங்கள்.

3. குத்துமெத்தையில் வைத்து நடுப்பகுதிவரை ஆழமாகக் குத்துங்கள். ஊசி எந்தக் கோணத்தில் உள்ளே போகிறதோ அதே கோணத்தில் வெளியே வரவேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் ஒடிந்துவிடும்; இந்த எஃகு கடினமானது, வளையாது.

4. பத்துப் பன்னிரண்டு குத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். திருப்பாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகும். இழைகள் மெத்தைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

5. குத்திய இடம் குழியும். இந்தக் கலையின் முழு இலக்கணமும் இதுதான். எங்கே உள்ளே போகவேண்டுமோ அங்கே குத்துங்கள். எங்கே புடைக்கவேண்டுமோ அங்கே புதிதாகச் சிறிது கம்பளியை வைத்து அதன் ஓரங்களை மட்டும் குத்துங்கள். 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவம் வரவேண்டும்.

6. இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். வாழைப்பழம்போல் அமுங்கினால் இன்னும் வேலை இருக்கிறது. அழுத்தியதும் திருப்பித் தள்ளினால் போதும். முதல் உருண்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குத்துகள் ஆயிரக்கணக்கில் வரும். அலுப்பு தோன்றும் இடம் இதுதான். பலரும் இங்கே அவசரப்பட்டுத் தலையைப் பொருத்திவிடுவார்கள்; அந்தப் பொம்மையின் தலை ஒரு வாரத்தில் ஆடத் தொடங்கும்.

7. தலைக்கு 2 கிராமில் 3 செ.மீ. உருண்டை. அதன் அடியில் ஒரு பகுதியைக் குத்தாமல் பிசிறாகவே விட்டுவையுங்கள். அந்தப் பிசிறை உடலின் மேல் விசிறிபோல் பரப்பி, அதன் வழியாக உடலுக்குள் ஆழமாகக் குத்துங்கள். தலையையும் உடலையும் இணைப்பவை இந்த இழைகள்தாம்.

8. இறக்கைகளுக்கு இரண்டு மெல்லிய துண்டுகளை மெத்தையின் மேல் தட்டையாகக் குத்தி, எடுத்து எடுத்துத் திருப்பிப் போட்டு, இலை வடிவமாக்கிப் பக்கங்களில் பொருத்துங்கள். அலகுக்குக் காவி நிறத்தில் ஒரு சிறு கூம்பு. கண்ணுக்குக் கறுப்பு இழைகளை உள்ளங்கையில் மிளகளவு உருட்டி, இருந்த இடத்திலேயே நான்கைந்து முறை குத்துங்கள். முதலில் கண்ணுக்குரிய குழியைக் குத்திவிட்டுப் பிறகு வைத்தால் முகம் உயிரோடு இருக்கும்.

9. கடைசியில் 40ஆம் எண் ஊசியால் மேலாக, சாய்வாக, உடல் முழுவதும் குத்துங்கள். குழிகள் மறையும்.

சிறிதாகத் தொடங்கிப் பிறகு சேர்ப்பது எளிது. இறுகியதைப் பிரித்தெடுப்பது முடியாது. ஆகவே ‘சற்றுக் குறைவு’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கவனம் வேண்டும்

குத்தும்போது கண்ணை வேலையிலிருந்து எடுக்காதீர்கள். பேச்சுக் கொடுத்தால் ஊசியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். பொம்மையின் அடியில் விரலை வைக்கக்கூடாது. வேலை முடிந்ததும் ஊசியின் முனையைக் கார்க்கில் செருகி, எண்ணி வையுங்கள். ஊசி ஒடிந்தால் முனை எங்கே என்று கண்டுபிடிக்காமல் மேலே தொடராதீர்கள். ஊசி எஃகு என்பதால் ஒரு காந்தம் அதைக் கண்டுபிடிக்க உதவும். மிகச் சிறு குழந்தைகளின் கையில் இந்தப் பொம்மையைக் கொடுக்க வேண்டாம்; கண்ணையும் அலகையும் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கெரட்டினைத் தின்று வாழும் அந்துப்பூச்சிப் புழுக்கள் உண்டு. ஆகவே பெட்டியில் போட்டு மறந்துவிடாமல் அவ்வப்போது எடுத்துத் தட்டி வையுங்கள்.

குஞ்சுக்குள் என்ன இருக்கிறது?

பொம்மை கெட்டியாகத்தானே இருக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவத்தின் கன அளவு ஏறத்தாழ 42 கன செ.மீ. அதில் இருப்பது 6 கிராம் கம்பளி. கம்பளி இழையின் அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு 1.31 கிராம். ஆகவே 6 கிராம் இழைகள் அடைக்கும் இடம் சுமார் 4.6 கன செ.மீ. மட்டுமே. மீதி 37 கன செ.மீட்டருக்கு மேல் காற்று! இத்தனை குத்துக்குப் பிறகும் பொம்மையில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுத்தான். பனிப்பிரதேச மக்கள் ஃபெல்ட்டைக் கூடாரத்துக்குப் போர்த்துவது ஏன் என்பது இப்போது விளங்கும். அசையாமல் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

விலைபோகாத கம்பளி

மென்மையான கம்பளிக்கு மில்களில் எப்போதும் விலை உண்டு. தக்காணப் பீடபூமியின் ஆடுகள் தருவதோ கறுத்த, சொரசொரப்பான கம்பளி. அங்குள்ள குறும்பர்களும் தங்கர்களும் தலைமுறை தலைமுறையாக அதில் கம்பளி நெய்து மழைக்கும் குளிருக்கும் போர்த்திக்கொண்டார்கள். மில் போர்வைகள் மலிவாக வந்தபின் அந்த நெசவு குறைந்தது. வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாமல் இந்தக் கம்பளி பல இடங்களில் தூக்கி எறியப்படுகிறது.

ஆனால் ஊசி வேலைக்கு விறைப்பான இழையே ஏற்றது. மெரினோ மென்மையாக வழுக்கிக்கொண்டு நெடுநேரம் இழுக்கும். சொரசொரப்பான கம்பளி விரைவில் பிடித்து இறுகும். உடலுக்கு இதை வைத்து, மேலே மட்டும் மென்மையான நிறக் கம்பளியைப் போர்த்தினால் போதும். பொம்மைகளால் மட்டும் ஆட்டிடையரின் வருமானம் உயர்ந்துவிடாது. ஆயினும் எறியப்படும் ஒரு பொருளின் குணம் என்ன, அது எதற்குப் பொருந்தும் என்று கேட்கத் தெரிந்தால்தான் அதற்குப் புதிய பயன் பிறக்கும். தொழிற்சாலை ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் கேட்டதும் அப்படிப்பட்ட கேள்விதான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரே எடையுள்ள கம்பளியையும் பஞ்சையும் தனித்தனிப் பாட்டில்களில், வெதுவெதுப்பான சோப்பு நீரில் இட்டு மூடி, பத்து நிமிடம் குலுக்குங்கள். எடுத்து உலர்த்திப் பிரித்துப் பாருங்கள். எது பிரிகிறது?

2. 2 கிராம் கம்பளியை 500, 1,000, 1,500 முறை குத்தியபின் அதன் சுற்றளவை ஒவ்வொரு தடவையும் நூலால் அளந்து வரைபடம் வரையுங்கள். சுருங்கும் அளவு கடைசிவரை ஒரே சீராக இருக்கிறதா?

3. நீங்கள் செய்த குஞ்சின் எடையையும் அளவையும் கொண்டு அதில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கணக்கிடுங்கள். நண்பர் செய்ததோடு ஒப்பிடுங்கள். யாருடையது கெட்டி?

4. உரித்த தேங்காய் நாரையும் பஞ்சையும் இதே ஊசியால் குத்திப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் பிடிக்கின்றன? இழுத்தால் பிரிகின்றனவா? காரணத்தை எழுதுங்கள்.

முடிவுகளை அட்டவணையாக எழுதி, பொம்மையோடு சேர்த்து உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வையுங்கள். பார்க்க வருபவர்கள் முதலில் குஞ்சைத்தான் கையில் எடுப்பார்கள். ‘இதில் தையல் எங்கே?’ என்று கேட்பார்கள். அப்போது அவர்களிடம் ஒரு தலைமயிரைக் கொடுத்து, இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.